மஞ்சள் துணியை இறக்கியவர்கள்

நீங்கள் பொய் எழுதினீர்கள். ஐஸ் கம்பனி முதலாளியும் எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளருமான உங்களைத்தான் சொல்கிறேன். என் கணவர் வேலைக்கு வர மறுத்ததால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பனியிலிருந்து அமோனியா காஸ் வெளியேறியது என்று பொலிசுக்குக் கடிதம் கொடுத்தீர்கள். அதன் பிரதியை விசாக் கந்தோருக்கும் அனுப்பினீர்கள். பதின்மூன்று வருடம் இந்த ஊரில் குடும்பம் நடத்திய மனிதருக்கு இப்போது ஒவ்வொரு மாதமாக விசா நீட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் நீட்டுவீர்களா என்று கேட்டால், பொலிஸ் அறிக்கை வரட்டும் என்கிறார்கள். அறிக்கை உங்கள் கடிதத்தின்படி வந்தால் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். நானும் மகளும் இங்கே, அவர் அங்கே. விஷயம் அவ்வளவுதான்.

வாசலில் வாகனம் நின்றால் அவர் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். சண்டைக் காலத்தில் வானில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை; வாசலில் வாகனம் நிற்பதென்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டை முடிந்தபிறகு அந்தப் பயம் போய்விட்டதென்று நினைத்திருந்தேன். போகவில்லை. உள்ளே எங்கேயோ படுத்துக் கிடந்திருக்கிறது. போன கிழமை பகல் பத்து மணிக்கு ஒரு வான் வந்து நின்றது. மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் அவரை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"நான் என்ன களவெடுத்தனா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"வாய மூடிட்டு இரிங்க."

வந்தவர்கள் கரண்ட் லைனில் சாய்ந்த முருங்கைக் கொப்பை வெட்ட வந்தவர்கள். அவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனபிறகுதான் அறைக் கதவைத் திறந்தேன். அவருடைய சேட்டின் முதுகில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

இந்தக் கடிதம் எல்லாரும் படிக்கத்தான், அதனால் அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தாய்வான்காரர். சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் வாவிக்கரையில் ஐஸ் கம்பனி கட்டியபோது இயந்திரம் பூட்ட வந்த என்ஜினியர். ஆறு மாதத்தில் திரும்பிப் போவதாகத்தான் வந்தார். நான் அங்கே கிளாக். கல்குடாவுக்கு எத்தனை கட்டி ஐஸ் போனது, எங்கள் வாவி மீனவருக்கு எத்தனை போனது என்று எழுதுகிற வேலை. ஊர் அவரைச் 'சீன மாஸ்டர்' என்றது. முதல் ஒரு வருடம் "தாய்வான், தாய்வான்" என்று திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். உங்கள் கடிதத்திலும் 'சீனப் பிரசை' என்றுதான் இருக்கிறது. அத்தனை வருடம் உங்களுக்கு வேலை செய்தவர் எந்த நாட்டுக்காரர் என்பதையாவது சரியாக எழுதியிருக்கலாம்.

வந்த முதல் ஞாயிறே எங்கள் சபைக்கு வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் பாட்டுகளின் ராகம் தெரிந்திருந்தது. எங்கள் எல்லாருடைய சத்தத்துக்கும் மேலே தன் மொழியில் பாடினார். பின்வரிசையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கலியாணப் பேச்சு வந்தபோது அவருடைய தகப்பனார் தொலைபேசியில் கத்தினார். மூத்த மகன் பெண் வீட்டில் போய் இருப்பதா? அவர்கள் ஊரில் ஒன்றுமில்லாதவன்தான் அப்படிப் போவானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் தலையை நிமிர்த்தவில்லை.

நான் சொன்னேன், "இங்க எல்லா ஆம்பிளையும் பொஞ்சாதி வீட்டிலதான் இரிக்காங்க. வீடு பொம்புளைர பேர்லதான்."

"எல்லாருமா?"

"உங்கட முதலாளியும்தான்."

"முதலாளியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இந்த ஊரில் தான் சாதாரண மனிதன் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வேறெங்கேயும் கிடைக்காத நிம்மதி அது என்று பிறகு சொன்னார்.

எங்கள் வழக்கத்தை எங்களைவிட ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு ஏழு வயதானபோதே அதே வளவில் அவளுக்கு வீடு கட்ட அத்திவாரம் போட்டுவிட்டார். வவுணதீவிலிருந்து கம்பனிக்கு வேலைக்கு வருகிற ஒருவர், எங்கள் வீட்டுக்கும் மேசன் வேலைக்கு வருவார். "என்ன மாஸ்டர், மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்று பகிடி விட்டார்.

"மாப்பிள்ளை மறுகா. முதல்ல கக்கூஸ் குழி."

அந்த வீடு இப்போது ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. விசா இழுபடத் தொடங்கியபிறகு ஒரு கல்லும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்யமாட்டார். இது வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்களோடு பேசி முடித்தது. சனி மாலை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வருவார். ஞாயிறு இயந்திரம் தன்பாட்டில் ஓடும், இரண்டு பேர் காவலுக்கு இருப்பார்கள். அமோனியா குறைந்தால் சிலிண்டரிலிருந்து ஏற்றுகிற வேலை மட்டும் அவர் இல்லாமல் நடக்கக் கூடாது. இதை அவர் எல்லாருக்கும் நூறு முறை சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த காஸில் பயம். பயமில்லாதவனை அதற்குப் பக்கத்தில் விடக் கூடாது என்பார்.

அந்தப் பயத்தில்தான் துணியைக் கட்டினார். கம்பனி வாவிக்கரையில். தெருவுக்கு இந்தப்பக்கம் எங்கள் சபை, அதோடு ஒட்டி ஞாயிறு பாடசாலை மண்டபம், மண்டபத்துக்குப் பின்னால் மதில் சூழ்ந்த மைதானம். கச்சான் காற்று வாவிக்கு மேலாக வந்து கம்பனியைத் தாண்டி நேராக எங்கள் பக்கம்தான் வீசும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை எல்லாரும் அண்ணாந்து பார்த்ததும் அறிய வேண்டும் என்று, என் பழைய மஞ்சள் சேலையில் இரண்டு முழம் கிழித்து, கூரைக்கு மேல் கம்பு நட்டுக் கட்டினார். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். நெடி வந்தால் துணியைப் பார். துணி பறக்கிற பக்கம் ஓடாதே. குறுக்காக ஓடு. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, "குறுக்கால! குறுக்கால!" என்று மைதானத்தில் நண்டு மாதிரி ஓடினார்கள்.

கம்பனியில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சைவர்கள். அந்த வவுணதீவுக்காரர் மேலே பார்த்துவிட்டு, "கொடி ஏத்தியாச்சு மாஸ்டர். திருவிழா எத்தனை நாள்?" என்று கேட்டாராம்.

"வருசம் முழுக்க" என்றார் இவர்.

அந்தப் பகிடி தெருவைத் தாண்டி சபைக்கு வந்தபோது பகிடியாக இருக்கவில்லை. ஆலயத்துக்கு முன்னால் கோயில் கொடி பறக்கிறது என்று கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒரு கிழவர் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு அக்கா சொன்னார். "கோயில் கொடி இல்லை, காற்றுப் பார்க்கிற துணி" என்று போதகர் மெதுவாகச் சொன்னார். நீங்கள்தான், "எண்டாலும் சனம் அப்பிடித்தானே நினைக்கும்" என்றீர்கள். கை தூக்கச் சொன்னீர்கள்.

நானும் தூக்கினேன்.

இதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் ஏன் தூக்கினேன் என்றால், பயம். வெளிநாட்டுக்காரனைக் கட்டினவள், இவளுக்கு எங்கள் சபை பெரிதா, அவன் கட்டிய துணி பெரிதா என்று பார்க்கிறார்கள் என்ற பயம். பக்கத்திலிருந்தவள் என்னைப் பார்த்தாள். கை தானாக மேலே போய்விட்டது. வேறு காரணம் இல்லை.

அடுத்த நாள் துணியை இறக்கிவிட்டீர்கள். அவர் வெள்ளைத் துணி கொண்டுபோனார். வெள்ளை பறந்தால் செத்த வீடு என்று நினைப்பார்கள், வேண்டாம் என்றீர்கள். பச்சை என்றார். அது ஒரு கட்சியின் நிறம், பள்ளிவாசல் நிறமும்கூட என்றீர்கள். சிவப்பு? அது வேறு கட்சி. நீலமும் அப்படித்தான். அவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு கேட்டார், "நிறமே இல்லாத துணி எந்தக் கடையில விற்கிறாங்க?" நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். கம்பு மட்டும் கூரையில் வெறுமையாக நின்றது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போவதற்காக அவரைக் கூட்டிப்போகக் கம்பனி வாசலில் நின்றேன். நீங்கள் இருவரும் பேசியதை நான் கேட்டேன். கடலில் மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நாட்கள். குளிர் இறங்குவது போதாது, நாளைக்கு வந்து காஸ் ஏற்றித் தாங்க என்றீர்கள்.

"திங்கள் விடிய அஞ்சு மணிக்கு வாறன்."

"ஓய்வுநாள்ல ஆடு குழிக்குள்ள விழுந்தா தூக்கலாம்தானே மாஸ்டர்? உங்களுக்குத் தெரியாத வேதமா?"

"ஆடு இன்னும் விழல்ல ஐயா. நீங்கதான் தள்ளப் போறீங்க." பிறகு பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார், "நான் இல்லாம காஸ் போடாதீங்க. காஸ் ஏத்துற குழாய் பழசு. புதுசு வரும் வரைக்கும் தொடாதீங்க."

"சரி, சரி" என்றீர்கள். நான் கேட்டேன். பொலிசிலும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க அவர்ர பொஞ்சாதிதானே?" என்று கேட்டார்.

ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பிள்ளைகள் பக்கத்து மண்டபத்தில். போதகர் அப்பத்தை எடுத்துக் கையை உயர்த்தியிருந்தார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பக்கத்திலிருந்த என் கணவர் எழும்பிவிட்டார். ஆராதனை நடுவில் எழும்புகிற ஆள் இல்லை அவர். முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரில் கண்டதில்லை. பிறகுதான் எனக்கும் நெடி வந்தது. மூத்திரக் கிடங்கை மூக்குக்குள் திறந்துவிட்ட மாதிரி.

"பிள்ளை. குறுக்கால" என்றார். இரண்டே சொல். நான் "எங்க போறீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். பிள்ளை இருந்த பக்கம் இல்லை. கம்பனிப் பக்கம்.

அதற்காக இன்னும் அவரில் எனக்குக் கோபம். பெற்ற பிள்ளை மண்டபத்தில் இருக்கும்போது அங்கே ஓடினார். அங்கே வால்வைப் பூட்டாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம்.

மண்டபம் வெறுமையாக இருந்தது. கதிரைகள் விழுந்து கிடந்தன. ஆசிரியை பிள்ளைகளைப் பின் மைதானத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். முன்பக்கம் தெரு, தெருவுக்கு அப்பால் கம்பனி, நெடி வருவதும் அங்கிருந்து. யாரானாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஓடுவார்கள். பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்களாம். கம்பு மட்டும் நின்றதாம். "டீச்சர், துணி இல்ல" என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறாள். கச்சான் அவர்களுக்குப் பின்னாலேயே காஸையும் கொண்டுபோனது. முன்னால் மதில். நான் போய்ச் சேர்ந்தபோது முப்பது பிள்ளைகள் மதிலோடு ஒட்டி நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். சிலர் மதிலைக் கையால் அடித்தார்கள். என் மகள் கண்ணைத் திறக்க முடியாமல் "அப்பா, அப்பா" என்று கத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் திரும்பி ஓடத்தான் நினைத்தேன். என் தொண்டை எரிந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. பிறகு யாரோ "குறுக்கால!" என்று கத்துவது கேட்டது. கத்தியது நான்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும். விளையாடிப் பழகிய சொல். வடக்குப் பக்கம் மதில் இடிந்த இடத்தில் ஆடு நுழையாமல் கட்டியிருந்த தகரத்தை நானும் ஆசிரியையும் பிடுங்கினோம். என் உள்ளங்கை கிழிந்தது. ஒவ்வொருவராக அதற்குள்ளால் தள்ளினோம். வடக்கே நூறு யார் போனதும் காற்று சுத்தமாக இருந்தது. நம்ப முடியவில்லை. நூறு யார்தான். அங்கே ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளி அள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் ஊற்றினார்கள்.

மகள் மூச்சு விடுகிறாள் என்று கண்டபிறகுதான் அவருடைய நினைப்பு வந்தது. தெருவுக்கு வந்தேன். போக விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கம்பனிக் கதவுக்குள் வெள்ளைப் புகை. அவர் உள்ளே. ஒரேயொரு முகமூடி இருந்தது, அதுவும் காலாவதியானது. புதியது கேட்டு எத்தனை முறை உங்களிடம் வந்தார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க வரவில்லை. 'இந்த மனிசன் செத்தால் இவருடைய தகப்பனுக்கு யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது' என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றியது.

வவுணதீவுக்காரரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் கண் மூடியிருந்தது. சுவரைத் தடவித் தடவி வந்தார்கள். அவர்கள் மேல் தண்ணீரை ஊற்றியபோது என் கணவர், "பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தார்.

ஒருவரும் சாகவில்லை. அதுதான் உங்களுக்கு வசதியாகப் போனது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கண் இன்னும் மங்கல். படியேறினால் இருமுகிறார். மகள் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே நீங்கள் கடிதத்தை எழுதிவிட்டீர்கள். காஸ் ஏற்றச் சொன்னது நீங்கள் என்பது அதில் இல்லை. நீங்கள் சொல்லி ஏற்றியவர் அந்த வவுணதீவுக்காரர்; ஏற்றும்போதுதான் அந்தப் பழைய குழாய் வெடித்தது. அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். "அக்கா, நான் பொலிசில சொல்லுவன். ஆனா வேலை போயிரும். மூணு பிள்ளையள்" என்றார். நான் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றியவருக்காகக்கூட வாய் திறக்க முடியாத அளவு ஒரு மனிதனைப் பயப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகிறோம். விசாக் கந்தோரில் அவர் எல்லாப் படிவத்தையும் உறையில் ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பெயர் கூப்பிட்டால் எழும்புவதற்கு முன் என் கையை ஒரு தரம் பிடிப்பார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருக்கும். அமோனியாவுக்குள் போனவர் ஒரு மேசைக்கு முன்னால் நடுங்குகிறார். அங்கே இருக்கிற பெண், "இது கடைசி நீட்டிப்பாகவும் இருக்கலாம்" என்று போன முறை சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்த உறையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அவர் உங்களுக்காக ஜெபிக்கிறார். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால், எனக்கும் மகளுக்கும் விளங்க வேண்டும் என்று தமிழில், "முதலாளி ஐயாவுக்கு நிம்மதி குடும்" என்று. எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஒரு நாள் கேட்டேன், "உங்களுக்குக் கோபம் வராதா?"

"அவர் பயந்திட்டார்" என்றார். "பயந்த ஆள் பொய் எழுதுவான்."

"நானும்தான் பயந்து கிடக்கிறன். நான் எழுதல்லையே."

அவர் மகளின் தட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம், துணியை இறக்க நானும் கை தூக்கினேன் என்று. சொல்லவில்லை. ஆகவே உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு அவ்வளவு தகுதி இல்லை என்பதும் தெரியும். இதை அவர் படிப்பார். அல்லது மகள் படித்துக் காட்டுவாள். பிறகு என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும்.

அவர் மன்னித்துவிட்டார் என்று நீங்கள் சபையில் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். அது அவருக்கும் கடவுளுக்கும் உள்ள காரியம். விசாக் கந்தோருக்கு அது போய்ச் சேராது. அவர்களிடம் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான். அதை நீங்கள் மட்டும்தான் திருப்பி எடுக்க முடியும்.

அடுத்த நீட்டிப்புக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது. அறிவித்தல் வாசிக்க நீங்கள்தானே மைக்குக்கு முன்னால் வருவீர்கள். நான் எழும்புவேன். கூட்டத்தில் எத்தனை கை மேலே போனது, அதில் என்னுடையது எது என்று முதலில் நானே சொல்வேன். அதன்பிறகு உங்கள் முறை. நான் இல்லாமல் காஸ் போடாதீங்க என்று அவர் சனிக்கிழமை உங்களிடம் சொன்னாரா, இல்லையா? சொல்லியும் ஏற்றச் சொன்னது நீங்களா, இல்லையா? என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம், போதகரை அனுப்பவும் வேண்டாம். மதிலோடு நின்று இருமிய பிள்ளைகளும் அவர்களின் தாய்தகப்பனும் கேட்க, அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள்.